நான்காவது கழுத்து

டீக்கன் டார்வர் அந்த பேஸ் கிட்டாரை மூன்றாவது முறையாகத் திருப்பிக் கொண்டுவந்தபோது ரெனாட்டா கையிலிருந்த அரத்தைக் கீழே வைக்கவே இல்லை. வாசல் கண்ணாடி வழியாக அவர் காரின் டிக்கியைத் திறப்பதைப் பார்த்துவிட்டு, "உன் ஆள் வந்துட்டாரு ஆர்வில். பெட்டியோட வர்றாரு," என்றாள். குரலில் கோபம் இல்லை. பரீட்சையில் மறுபடியும் தோற்றுப்போன பிள்ளையின் குரல் அது.

என் ஆள் என்று அவள் சொன்னது சரிதான். எங்கள் சபையில் டீக்கன், அதாவது பாஸ்டருக்கு உதவும் மூத்த ஊழியர் அவர்; அவரைக் கடைக்குக் கூட்டி வந்தவன் நான். எனக்கு ஆறு வயதாக இருக்கும்போதிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வாசிப்பதைக் கேட்டிருக்கிறேன். எங்கள் சபையில் பாஸ்டர்கள் மூன்று பேர் மாறிவிட்டார்கள். அடிக்குரலில் ஒலிக்கும் அந்த பேஸ் கிட்டாரை வாசிப்பவர் மாறவில்லை. பாடகர் குழுவில் யாராவது சுருதி விலகிப் போனால் டார்வர் ஒரே ஒரு தந்தியைத் தட்டி அவர்களைக் கையைப் பிடித்து இழுத்து வருவது போல இழுத்து வருவார். வாசிக்கும்போது மூக்கால் லேசாக முனகுவார். அந்த முனகலும் சேர்ந்ததுதான் எங்களுக்குப் பாட்டு.

ரெனாட்டா குபியாக்கும் நானும் சிகாகோவில் மில்வாக்கி அவென்யூவில், ஒரு டயர் கடைக்குப் பக்கத்தில், பதினோரு வருடம் சேர்ந்து வேலை செய்தோம். மரவேலை முழுக்க அவளுடையது. தந்தியின் அதிர்வைப் பிடித்து ஒலிபெருக்கிக்கு அனுப்பும் பிக்கப்புக்குச் செம்புக் கம்பி சுற்றுவது, ஒயரிங், கடையின் இணையப் பக்கம் எல்லாம் என்னுடையது. அறுபது வருடத்துக்கு முன்னால் இந்த ஊரில் தபால் பட்டியலைப் பார்த்து ஆர்டர் போட்டு வாங்கும் மலிவுக் கிட்டார்களை ஆயிரக்கணக்கில் செய்தார்கள். பைன் மரச் சட்டம், அதன்மேல் ஒட்டிய பலகை, சாக்லேட் காகிதம் மாதிரி பளபளக்கும் தகடு. அப்போது அதைப் பொம்மை என்று கேலி செய்தார்கள். ரெனாட்டா அந்தப் பழைய கிட்டார்களை அடகுக் கடைகளில் தேடிப் பிடித்து, உருவத்தை வரைந்தெடுத்து, நீட்டிப் பெரிதாக்கி, நான்கு தந்தி பேஸ் கிட்டாராகச் செய்வாள். உள்ளே வெற்றிடம் என்பதால் எடை பாதிதான். ஒவ்வொன்றும் ஒருவருக்கென்றே, அவர் கையை அளந்து செய்தது.

டார்வர் முதல்முறை வந்தபோது சுவரில் மாட்டியிருந்த ஒரு சிவப்புக் கிட்டாரைக் காட்டி, "இந்த முகம் எனக்குப் பிடிச்சிருக்கும்மா. இதையே பேஸா பண்ணிக் கொடு. தோள்பட்டை போயிடுச்சு, பழசத் தூக்க முடியல," என்றார். ரெனாட்டா அவருடைய இடது கையைக் காகிதத்தில் வைத்து வரைந்தாள். செப்டம்பரில் வேலை முடிந்தது. அன்று அவர் கடையிலேயே உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாசித்தார். டயர் கடைக்காரர்கள் க்ரீஸ் கையோடு வந்து வாசலில் நின்றார்கள்.

நவம்பரில் திரும்பி வந்தார்.

"கழுத்து தடியா இருக்கும்மா. மோதிர விரலும் சுண்டு விரலும் எட்ட மாட்டேங்குது."

ரெனாட்டா கழுத்தின், அதாவது தந்திகள் ஓடும் நீண்ட பிடியின், முதுகை இழைத்து மெலிதாக்கிக் கொடுத்தாள். ஜனவரியில் மறுபடி வந்து, "இப்ப ரொம்ப மெலிசா போச்சு, பிடி கிடைக்கல," என்றார். அவள் மேப்பிள் மரத்தில் புதிதாக இரண்டாவது கழுத்து செய்தாள். அதைக் கையில் வாங்கி வாசித்துப் பார்த்தவர் முகம் கோணியது. கிட்டாரைத் தோளிலிருந்து அங்கேயே கழற்றி மேசைமேல் வைத்தார். ரெனாட்டா அவருடைய பழைய பேஸ் கிட்டாரைக் கேட்டு வாங்கி, அதன் கழுத்தை முடியளவு பிசகாமல் படியெடுத்து மூன்றாவது கழுத்தைச் செய்தாள். முப்பது வருடம் அவர் கை பழகிய கழுத்து அது. அதில் குறை இருக்க வழியே இல்லை.

அதைத்தான் ஏப்ரலில் பெட்டியோடு தூக்கி வந்திருந்தார்.

"உன் கண்ணுக்கு நான் பைத்தியக்காரன் மாதிரி தெரியுறேன் இல்ல?" என்று ரெனாட்டாவைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு முழுசாக வரவில்லை.

"இல்ல மிஸ்டர் டார்வர். எனக்குத்தான் எங்கயோ தப்புது. நீங்க வாசிங்க. எந்த இடத்துல தட்டுதுன்னு படம் எடுத்துப் பாக்கறேன்."

கடை போனை ஸ்டாண்டில் மாட்டி, அவர் இடது கைக்கு நேராக வைத்தாள். முகம் தெரியாது, கையும் கழுத்தும் மட்டும். அவர் ஒரு பழைய ஆராதனைப் பாட்டை எடுத்தார். முனகல் ஆரம்பித்தது. நான்கு வரி போனதும் நின்றது.

"பாத்தியா? வழுக்கிட்டுப் போகுது."

"பாத்தேன்," என்றாள் ரெனாட்டா. "விட்டுட்டுப் போங்க. நாலாவது ஒண்ணு செய்யறேன்."

அவர் போகும்போது காபிக் கோப்பையை இடது கையாலேயே எடுத்துக் குடித்தார். கோட்டுப் பொத்தான்களைப் போட்டார். கார் சாவியைச் சுண்டு விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டே வாசலைத் தாண்டினார். ரெனாட்டா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கார் நகர்ந்ததும் என்னைக் கூப்பிட்டாள். "இங்க வா. சத்தத்தக் குறைச்சிட்டு வெறும் கைய மட்டும் பாரு."

பார்த்தேன். வாசிக்கத் தொடங்கிய சில நொடிகளில் மோதிர விரலும் சுண்டு விரலும் தாமாகவே மடங்கி உள்ளங்கைக்குள் போயின. யாரோ உள்ளிருந்து நூலைக் கட்டி இழுப்பது போல. அவர் அவற்றை நிமிர்த்தப் பார்த்தார். நிமிர்த்த நிமிர்த்த இன்னும் இறுக்கமாக மடங்கின. பாட்டை நிறுத்தியதும் ஒன்றும் நடக்காதது போலக் கை விரிந்துகொண்டது.

"கழுத்துல ஒண்ணும் இல்ல ஆர்வில்," என்றாள். "ஸ்பானிஷ் கிட்டார் வாசிக்கிற ஒரு அம்மா நம்மகிட்ட வந்தாங்களே, ஞாபகம் இருக்கா? அவங்களுக்கும் இப்படித்தான். வலி இருக்காது, வேற வேலைக்குத் தொந்தரவு இருக்காது, வாசிச்சா மட்டும் வரும். டாக்டர்கிட்ட போகணும் இவரு. வாசிக்க வாசிக்க மோசமாகும்."

"நீயே சொல்லிடேன்."

"நான் சொன்னா என் வேலைக் குறைய மறைக்கறதுக்குச் சொல்றேன்னு நினைப்பாரு. நீ அவரு வீட்டுப் பிள்ளை மாதிரி. நீ சொல்லு."

சரி என்றேன். அந்தச் சனிக்கிழமை மதியம் போனேன்.

சிஸ்டர் இமோஜீன், டீக்கனின் மனைவி, கோழியைக் குழம்பில் வேகவைத்து, கீரையும் சோள ரொட்டியும் செய்திருந்தாள். உள்ளே நுழைந்ததுமே டார்வர் ஆரம்பித்துவிட்டார்.

"என்னடா, துடைப்பக்குச்சி மாதிரி ஆயிட்ட? அந்தப் போலந்துக்காரப் பொண்ணு உனக்கு முட்டைக்கோசு மட்டும்தான் போடுறாளா?"

"அவ எனக்கு எங்க போடுறா? என் டப்பாவுல இருக்கிறதையும் அவதான் சாப்பிடுறா."

"இமோஜீன், இவனுக்கு இன்னொரு துண்டு வை."

இரண்டாவது தட்டு முடியும்போது தைரியத்தைத் திரட்டிக்கொண்டேன். "டீக்கன், உங்க கையப் பத்தி ஒரு விஷயம்..."

அவர் முள்கரண்டியை வைத்துவிட்டார். "கைக்கு என்ன?"

"இல்ல... ரொம்ப நாளா ஓய்வில்லாம..."

"இந்தக் கை நாப்பது வருஷமா கர்த்தருக்கு வேலை செய்யுது. ஒரு ஞாயித்துக்கிழமைகூட லீவு போட்டதில்ல. கையில ஒண்ணும் இல்ல. மரத்துல இருக்கு." இடது கையைத் தூக்கி என் முகத்துக்கு எதிரே விரித்துக் காட்டினார். ஐந்து விரலும் நேராக நின்றன. "பாரு. நடுங்குதா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? சாப்பிடு."

சாப்பிட்டேன். சர்க்கரைப் பாகு ஊற்றிய கேக் வந்தது, அதையும் சாப்பிட்டேன். சிஸ்டர் இமோஜீன் வாசல்வரை வந்தாள். கதவைப் பின்னால் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "நீ என்னமோ சொல்ல வந்தியே தம்பி?" என்றாள்.

"ஒண்ணுமில்ல சிஸ்டர்."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

திங்கட்கிழமை கடையில் ரெனாட்டா நான்காவது கழுத்துக்கான மேப்பிள் கட்டையைப் பிடிக்கருவியில் மாட்டி வைத்துவிட்டு, அதைத் தொடாமல் நின்றிருந்தாள். "சொன்னியா?" என்றாள்.

"சொல்லிட்டேன். யோசிக்கறேன்னாரு."

அவள் பெருமூச்சு விட்டாள். "நல்ல மனுஷன். கஷ்டமா இருந்திருக்கும் உனக்கு." தன் பிளாஸ்கிலிருந்து எனக்குக் காபி ஊற்றிக் கொடுத்தாள். அதைக் குடித்தது இன்னும் நினைவிருக்கிறது. அப்போதே சொல்லியிருக்கலாம். அன்று மாலைக்குள் அவரைப் பார்த்து உண்மையில் சொல்லிவிடலாம், அப்படிச் சொன்னால் இது பொய்யாகவே இருக்காது என்று நினைத்துக்கொண்டேன். மாலையில் போகவில்லை. மறுநாளும் போகவில்லை.

பத்து நாள் கழித்து டார்வர் பேசிய வீடியோ ஒன்று வந்தது. நகரத்துச் சபைகளில் வாசிப்பவர்கள் எல்லோரும் பார்க்கும் இணையப் பக்கத்தில். அவர் திட்டவில்லை, அதுதான் மோசம். சாந்தமாக, மூத்தவர் இளையவர்களுக்குச் சொல்வது போல, "பிரதர்ஸ், அந்தக் கடைப்பக்கம் போகாதீங்க. மூணு தடவை கொடுத்தேன், மூணு தடவையும் கெட்டுத்தான் வந்துது. அந்தக் கழுத்தப் பிடிச்சுப் பிடிச்சு, இப்ப என் பழைய பேஸ்கூட எனக்கு ஒத்துழைக்க மாட்டேங்குது," என்று முடித்திருந்தார்.

அவர் பேச்சுக்கு எவ்வளவு மதிப்பு என்று எனக்குத் தெரியும். இரண்டு வாரத்தில் ஆறு பேர் ஆர்டரை வேண்டாம் என்றார்கள். ஒருவர் பாதி செய்திருந்த கிட்டார் உடலைக்கூட வந்து பார்க்க மறுத்துவிட்டார்.

ரெனாட்டா அந்த வீடியோவை என் எதிரில் நான்கு முறை பார்த்தாள். "அவருக்குத் தெரியும் இல்ல? நீ சொன்ன இல்ல? தெரிஞ்சுகிட்டே இப்படிப் பேசுறாரா?"

நான் ஒயர் பற்றவைக்கும் சோல்டரிங் இரும்பை ஈரப் பஞ்சில் துடைத்துக்கொண்டிருந்தேன். "பெருமை விடாது போல," என்றேன்.

இரண்டாவது பொய் முதலாவதைவிட எளிதாக வந்தது.

அதற்குப் பிறகு அவள் வேலை கெட்டது. தன்மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. முடிந்த கழுத்தைத் திரும்பத் திரும்ப அளப்பாள். சரியாக இருப்பதை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துக் கெடுப்பாள். ஒருநாள் மதியம் என்னிடம் வந்து, "ஒருவேளை நான் பாத்ததுதான் தப்போ? மனுஷன் நாப்பது வருஷம் வாசிச்சவரு. நான் யாரு அவரு கையப் பத்திச் சொல்ல? உண்மையிலயே நான்தான் கெடுத்துட்டேனோ?" என்றாள். கண்ணில் தண்ணீர் இல்லை, இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். மரம் வாங்க வேனை எடுத்துக்கொண்டு அவள் கிளம்பிப் போனாள்.

கடை போன் என் மேசையில் இருந்தது. அந்த வீடியோ அதில்தான் இருந்தது, நாற்பது நொடி. முகம் இல்லை, பெயர் இல்லை, கைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டார்வரின் பேச்சுக்குக் கீழே கடையின் பெயரில் அதைப் போட்டு, "கழுத்தில் பிழையில்லை. பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்," என்று எழுதினேன். அழுத்தும்போது மனசு லேசாக இருந்தது. இதையும் மறைக்கக் கூடாது. ரெனாட்டாவுக்காகச் செய்கிறேன் என்றுதான் நம்பினேன்.

பெயர் எதற்கு? அந்த முனகல் இருந்ததே. நகரத்தில் பேஸ் வாசிக்கும் ஒவ்வொருவனுக்கும் அது யார் என்று இரண்டே நொடியில் தெரிந்துபோயிற்று. சாயங்காலத்துக்குள் நூற்றுக்கணக்கானவர்கள் பார்த்தார்கள், மறுநாள் காலையில் ஆயிரக்கணக்கானவர்கள். சிலர் வருத்தப்பட்டார்கள். இளசுகள் அந்தக் கையைக் கோழிக்கால் என்றார்கள். ஒருவன் தன் விரல்களை அதே போல மடக்கிக்கொண்டு, முனகிக்கொண்டே வாசித்து வீடியோ போட்டான். அதற்கும் கூட்டம் சிரித்தது.

ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போனேன். மேடையில் டார்வர் நிற்கும் இடத்தில் நகரின் தெற்குப் பக்கத்திலிருந்து வந்த யாரோ ஒருவன் நின்றான். டீக்கன் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கிறார், ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள் என்று பாஸ்டர் அறிவித்தார். டார்வர் இரண்டாவது வரிசையில் மற்ற டீக்கன்களோடு உட்கார்ந்திருந்தார். பாட்டு நடந்த நேரமெல்லாம் இடது கையைக் கோட்டுப் பைக்குள் வைத்திருந்தார். கடையின் பெயரில் எழுதுபவன் நான்தான் என்று சபைக்குத் தெரியும்; எனக்குப் பக்கத்தில் அன்று யாரும் வந்து உட்காரவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு சிஸ்டர் இமோஜீன் கடைக்குள் வந்தாள். தேவாலயத்துக்குப் போகும் தொப்பியும் கையுறையும் அணிந்திருந்தாள். என்னைப் பார்க்காமல் நேரே ரெனாட்டாவிடம் போனாள்.

"நீங்கதானா கடைக்காரம்மா?"

ரெனாட்டாவுக்கு அதுவரை வீடியோ விஷயம் அரைகுறையாகத்தான் தெரியும். சனிக்கிழமை பார்த்துவிட்டு என்னிடம் கத்தியிருந்தாள். நான் சமாதானம் சொல்லி, அவர்தானே ஆரம்பித்தார் என்று வாயை அடைத்திருந்தேன். இப்போது அவள் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, "மிஸஸ் டார்வர், அதப் போட்டது தப்பு. இன்னைக்கே எடுத்துடறோம். ஆனா அவருகிட்ட முன்னாடியே சொல்லியிருந்தோம். டாக்டரப் பாக்கச் சொல்லியிருந்தோம். தெரிஞ்சும் எங்க மேல பழி போட்டாரேன்னு..." என்று தொடங்கினாள்.

"யாரு சொன்னா?"

"ஆர்வில். உங்க வீட்டுக்கே வந்து."

சிஸ்டர் இமோஜீன் அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். ரெனாட்டாவும் திரும்பினாள். நான் சுற்றிக்கொண்டிருந்த கம்பி அறுந்துவிட்டது. கம்பி சுற்றும் இயந்திரம் வெறுமனே சுழன்றுகொண்டிருந்தது. அதை நிறுத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை.

"என் வீட்டுல உக்காந்து ரெண்டு தட்டு சாப்பிட்டான்," என்றாள் சிஸ்டர் இமோஜீன். "கேக்கும் சாப்பிட்டான். வாசல்ல வச்சு நான் வாயத் தொறந்து கேட்டேன், என்னமோ சொல்ல வந்தியேன்னு. ஒண்ணுமில்ல சிஸ்டர்னான். நிஜமாவான்னு மறுபடி கேட்டேன். ஊர் உலகத்துக்கெல்லாம் சொல்லியிருக்கான்மா இவன். எங்க ரெண்டு பேருக்கு மட்டும் சொல்லல."

கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள், கிடைக்கவில்லை, மூடிக்கொண்டு வெளியே போனாள்.

ரெனாட்டா வந்து இயந்திரத்தின் சுவிட்சை அணைத்தாள். போனை எடுத்து வீடியோவை நீக்கினாள். அதே இடத்தில் தன் பெயரைப் போட்டு மன்னிப்புக் கேட்டு நான்கு வரி எழுதினாள். பிரதி எடுத்தவர்களிடம் அந்த வீடியோ இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது, அது வேறு விஷயம்.

"பதினோரு வருஷத்துல," என்றாள் கடைசியில், "நீ முடிச்சுக் கொடுத்த ஒயரிங்க நான் ஒரு தடவைகூடத் தொறந்து பாத்ததில்ல. தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"இனிமே தொறந்து பாப்பேன். ஒவ்வொண்ணையும். அப்படிப் பாத்துகிட்டு என்னால உன்னோட வேலை செய்ய முடியாது. மெஷின எடுத்துட்டுப் போயிடு."

"ரெனாட்டா, கடைக்காகத்தான்..."

"கடைன்னு சொல்லாத. உனக்குச் சங்கடமா இருந்துது. அந்தச் சங்கடத்துக்குப் பயந்து ஒரு மனுஷனோட கைய ரோட்டுல போட்டுட்ட."

அன்று மதியமே இயந்திரத்தை டயர் கடைக்காரர் ஒருவரின் உதவியோடு காரில் ஏற்றினேன். அவர் என்ன ஏது என்று கேட்கவில்லை. கண்ணாடிக்கு உள்ளே ரெனாட்டா பெருக்கிக்கொண்டிருந்தாள்.

கொடுமை என்னவென்றால், அந்த வீடியோவால் கடைக்கு நல்லதுதான் நடந்தது. குற்றம் கழுத்தில் இல்லை என்று தெரிந்ததும் விலகிப் போனவர்கள் திரும்பி வந்தார்கள், புதிதாகவும் பலர் வந்தார்கள். ஒருவர் அவளிடம், "அந்தக் கிழவருக்குச் சரியான பதிலடி கொடுத்தீங்க," என்று சொல்லியிருக்கிறார். ரெனாட்டா அவருடைய ஆர்டரை வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

டார்வர் மருத்துவரிடம் போனார். அவர்கள் ஒரு நீளமான பெயர் சொன்னார்கள். மூளையிலிருந்து விரலுக்குப் போகும் கட்டளை குழம்பிப் போவதாம். ஒரே வேலையைப் பல வருடம் நுணுக்கமாகச் செய்கிற கைகளுக்கு வருவதாம். ஊசி போட்டுப் பார்க்கலாம், பழையபடி ஆகும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார்களாம். இதெல்லாம் பாஸ்டர் மூலம் எனக்கு வந்த செய்தி.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்பு சபையின் வாகன நிறுத்துமிடத்தில் அவருக்காகக் காத்திருந்தேன். சிஸ்டர் இமோஜீன் என்னைக் கடந்து உள்ளே போனாள். அவர் நின்றார். நான் தயாரித்து வைத்திருந்த வார்த்தைகளில் பாதி சொல்வதற்குள் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"இரு. முதல்ல என்னுத நான் சொல்லிடறேன். பழைய பேஸ்லயே ஆரம்பிச்சிடுச்சுடா அது. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே. தோள்பட்டைன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன். புதுசு வந்தா சரியாயிடும்னு நினைச்சேன். சரியாகல. அதனால மரத்த குத்தம் சொன்னேன், அப்புறம் அந்தப் பொண்ண குத்தம் சொன்னேன். அது என் பாவம். அவகிட்டப் போயி நேருல சொல்லிட்டேன்."

"டீக்கன், நான் அன்னைக்கு வீட்டுல..."

"ஆமா. சொல்ல வந்த. நான் முறைச்சேன், பயந்துட்ட." வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா? கத்தியிருப்பேன். எழுந்து வெளிய போடான்னு சொல்லியிருப்பேன். ஒரு வாரம் உன்கூடப் பேசியிருக்க மாட்டேன். அப்புறம் நானே போன் பண்ணியிருப்பேன். அவ்வளவுதான்டா."

நான் குனிந்து என் காலணிகளைப் பார்த்தேன்.

"உன்ன மன்னிக்கணும்னு தினமும் ஜெபம் பண்றேன்," என்றார். "இன்னும் வரல. வந்துட்டதா உன்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன்." உள்ளே பியானோ ஆரம்பித்துவிட்டது. அவர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு படியேறினார். நான் காரில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். அதுதான் அந்தச் சபைக்கு நான் கடைசியாகப் போனது.

இப்போது ஏர் கண்டிஷனர் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் ஒயரிங் வேலை செய்கிறேன். இயந்திரம் வீட்டு அடித்தளத்தில் துணி போர்த்திக் கிடக்கிறது. இலையுதிர்காலத்தில் ஒருநாள் ரெனாட்டா போன் செய்தாள். நலம் விசாரிக்கவில்லை.

"டார்வரோட பேஸ்ல நீ போட்ட பிக்கப், தந்தி வரிசைய அப்படியே தலைகீழா மாத்தினா சத்தம் சமமா வருமா?"

"வரும். நாலு தந்திக்கும் ஒரே அளவுதான் சுத்தியிருக்கேன். ஏன்?"

"நாலாவது கழுத்த முடிச்சிட்டேன். இடது கைப் பழக்கக்காரங்க மாதிரி திருப்பிப் போடறேன். உடம்பு ரெண்டு பக்கமும் ஒரே உருவம்தான், பழைய கிட்டார் அப்படி, அதனால பிரச்சினையில்ல. இனிமே வலது கை தந்தியப் பிடிக்கும், இடது கை தட்டும். தட்டறதுக்கு ஆள்காட்டி விரலும் நடு விரலும் போதும். அது ரெண்டும் நல்லா இருக்கு அவருக்கு."

"அவரு ஒத்துக்கிட்டாரா? அறுபத்தொரு வயசுல?"

"முதல்ல சிரிச்சாரு. அப்புறம் மிஸஸ் டார்வர் ஒத்துக்க வச்சாங்க." பின்னால் டயர் கடையின் காற்று இயந்திரம் இரைவது கேட்டது. "சரி. கேக்கறதுக்குத்தான் கூப்பிட்டேன்," என்று வைத்துவிட்டாள். நான் சொன்னதை நம்பினாளா, திறந்து பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. திறந்து பார்த்திருப்பாள்.

குளிர்காலம் முழுக்க அவர் வீட்டில் கற்றுக்கொண்டாராம். ஆரம்பப் பிள்ளைகளுக்கான பாடங்கள். ஆத்திரத்தில் இரண்டு முறை பேஸை சோபாமேல் எறிந்தாராம். ஞாயிறு ஆராதனைக்கு அவர் இன்னும் திரும்பவில்லை, திரும்புவாரா என்றும் யாருக்கும் தெரியவில்லை. மார்ச்சில் ஒரு புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில், பன்னிரண்டு பேர் எதிரில், ஒரே ஒரு பாட்டு வாசித்தார். அங்கிருந்த ஒருவரை மளிகைக்கடை வரிசையில் பார்த்தேன். அவர்தான் இதைச் சொன்னார். பாட்டு ஊர்ந்துதான் போனதாம். இரண்டு இடத்தில் விரல் தவறித் தப்பான சுரம் விழுந்திருக்கிறது. நடுவில் ஒரு இடத்தில் முற்றிலும் நின்றுபோய்விட்டார். பியானோக்காரி கையைத் தூக்கிக்கொண்டு காத்திருக்க, வயதான அம்மாக்கள், "நிதானமா டீக்கன், நிதானமா," என்று சொல்லிக்கொண்டே இருந்தார்களாம். அப்புறம் விட்ட இடத்திலிருந்து எடுத்து முடித்திருக்கிறார்.

"முனகினாரா?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "இல்ல," என்றார். "உதட்ட இறுக்கி மூடிக்கிட்டுத்தான் வாசிச்சாரு." பிறகு வரிசை நகர்ந்தது. தன் சாமான்களை எடுத்துப் பணம் கட்டும் மேசைமேல் வைக்கத் தொடங்கினார்.